இருபதாயிரம் வோல்ட்டில் கேட்க வேண்டிய கேள்வி

சமதளச் சாலையில் ஒழுங்காக ஓடும் பெட்ரோல் கார், மேம்பாலம் ஏறும்போது மட்டும் திணறுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வேகம் எடுக்காமல் குலுங்குகிறது. ஒர்க்ஷாப்பில் இதற்கு ‘மிஸ்ஸிங்’ என்று பெயர். நான்கு சிலிண்டர்களில் ஒன்று, தன் முறை வரும்போது எரியாமல் விட்டுவிடுகிறது. ஸ்கேனரை மாட்டினால் அது இரண்டாவது சிலிண்டர் என்று தெரிகிறது. அதன் இக்னிஷன் காயிலைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்து பார்த்தால் எல்லா எண்களும் கச்சிதம். ‘காயில் நல்லாத்தான் இருக்கு’ என்ற தீர்ப்போடு அது பழைய இடத்துக்கே போகிறது. அடுத்த மேம்பாலத்தில் மிஸ்ஸிங் மறுபடி வருகிறது. இதில் மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆறிப்போய் மேசைமேல் கிடக்கும் காயில் சில வோல்ட்டுகளில் எப்படி இருக்கிறது என்று அதைக் கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றது. என்ஜின் தலைமேல், நூறு டிகிரி சூட்டில், இருபதாயிரம் வோல்ட்டைத் தாங்குமா என்று யாரும் அதைக் கேட்கவில்லை. எந்தச் சோதனையும் தான் நடந்த சூழலைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். இக்னிஷன் காயிலின் கோளாறைக் கண்டுபிடிப்பதும், மாற்றுவதும், மாற்றியது சரிதானா என்று உறுதி செய்வதும் இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் தெளிவாகிவிடும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

காயிலுக்குள் இருப்பது எளிமையான அமைப்பு. இரும்பு உள்ளகம் ஒன்றின்மேல் இரண்டு சுருள்கள்: சில நூறு சுற்றுகளுக்குள் அடங்கும் தடித்த கம்பியாலான முதன்மைச் சுருள், தலைமுடி அளவே தடிமனுள்ள கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றிய துணைச் சுருள். பேட்டரியின் 12 வோல்ட் முதன்மைச் சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. மூன்று, நான்கு மில்லி விநாடிகளில் அது ஏழு ஆம்பியர் அளவுக்கு ஏறுகிறது. இரும்பைச் சுற்றிக் காந்தப்புலம் சேர்கிறது. சரியான கணத்தில் என்ஜின் கணினியின் கட்டளைப்படி ஒரு டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவின் வேகத்தில் முதன்மைச் சுருளிலேயே 300, 400 வோல்ட் எழும். சுற்றுகளின் விகிதம் ஏறத்தாழ நூறு என்பதால் துணைச் சுருளில் 30,000 வோல்ட்டுக்கு மேல் எழ முடியும். இத்தனைக்கும் சேர்ந்த ஆற்றல் மிகச் சிறிது. மூன்று மில்லிஹென்றி தூண்டலும் ஏழு ஆம்பியரும் கொண்ட சுருளில் அது சுமார் 73 மில்லிஜூல்; ஒரு கிலோ எடையை ஏழரை மில்லிமீட்டர் தூக்கினால் அதோடு தீர்ந்துவிடும். வழியில் சிறு கசிவு இருந்தாலும் பிளக் முனைக்குப் போய்ச் சேர மிச்சம் எதுவும் இருக்காது.

இந்தச் சாதனத்தின் வரலாற்றைப் பார்த்தால் அதன் பலவீனம் எங்கே என்பதும் விளங்கும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றி மின்தூண்டலைக் கண்டார். 1836-இல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பாதிரியார் நிக்கோலஸ் கேலன் முதல் தூண்டல் சுருளைச் செய்தார். 1850-களில் பாரிஸின் ஹைன்ரிஷ் ரூம்கார்ஃப் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1860-இல் எத்தியேன் லெனுவார் தன் வாயு என்ஜினில் பொறி உண்டாக்க அதையே பயன்படுத்தினார். உயர் மின்னழுத்தத்தை உண்டாக்குவது இவர்கள் யாருக்கும் தீராத சிக்கலாக இருக்கவில்லை. உண்டான மின்னழுத்தத்தைச் சுருளுக்குள்ளேயே வெடித்துச் சிதறாமல் அடக்கி வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முழு நீளத்துக்கும் அடுக்கடுக்காகச் சுற்றினால், மின்னழுத்தத்தில் வெகுதூரம் விலகி நிற்கும் கம்பிகள் இடத்தால் அண்டை வீட்டாராகிவிடும். அவற்றுக்கு நடுவே காப்பு கிழிந்தால் சுருள் செத்துப்போகும். 1857-இல் பாஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் ரிச்சி துணைச் சுருளை ஒல்லியான வட்டத் துண்டுகளாகப் பிரித்துச் சுற்றினார். பொறியின் நீளம் அதன்பின் பல மடங்கு கூடியது. இன்றைய காயில்கள் பலவற்றின் பிளாஸ்டிக் பாபினிலும் அதே தடுப்புகள் இருக்கின்றன. மெழுகும் காகிதமும் போய் எப்பாக்ஸி வந்திருக்கிறது. போராட்டம் மாறவில்லை: காயிலின் ஆயுள் என்பது அதன் மின்காப்பின் ஆயுள்.

அந்தக் காப்பு எப்போது சோதிக்கப்படுகிறது என்பதற்கு விடை 1889-இல் ஃபிரெட்ரிஷ் பாஷன் கண்ட விதியில் இருக்கிறது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே பொறி பாயத் தேவையான மின்னழுத்தம், நடுவிலுள்ள வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது. திறந்த வெளியில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட நான்காயிரம் வோல்ட் அளவு போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறிக் காற்றையும் எரிபொருளையும் நெருக்கியிருக்கும்போது அது போதாது. என்ஜின் ஐடிலிங்கில் இருக்கையில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே வரும் காற்றே குறைவு. நெருக்கிய பிறகும் அடர்த்தி அதிகமில்லை. பத்தாயிரம் வோல்ட் அளவில் பொறி பாய்ந்துவிடும். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்று நிரம்பி வந்து அடர்த்தி பல மடங்காகும். தேவை இருபதாயிரத்தைத் தாண்டலாம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. காயில் எப்போதும் தன் முழுத் திறனைக் காட்டுவதில்லை. எங்காவது ஒரு பாதை உடைந்து வழிவிடும் வரைதான் அதன் மின்னழுத்தம் ஏறும். வழக்கமாக உடையும் பாதை பிளக்கின் இடைவெளி. அதைவிட எளிதாக உடையக்கூடிய பாதை வேறெங்காவது இருந்தால், உதாரணமாகக் காயிலைப் பிளக்கோடு இணைக்கும் ரப்பர் உறையான பூட்டில் மயிரிழை விரிசல் இருந்தால், பொறி அந்த வழியே பாய்ந்து என்ஜினின் உலோகத்துக்குப் போய்விடும். விரிசல் பதினைந்தாயிரம் வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஐடிலிங்கில் பிளக் முந்திக்கொள்ளும், வண்டி ஒழுங்காக இருக்கும். மேட்டில் விரிசல் முந்திக்கொள்ளும், சிலிண்டர் எரியாது. சுமையில் மட்டும் வரும் மிஸ்ஸிங் வண்டியின் மனநிலையைப் பொறுத்ததல்ல. பாஷன் விதியின் நேரடி விளைவு.

காப்பு தானாகக் கெடுவதற்கும் காரணங்கள் உண்டு. சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட 2,000 மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுகள் சுற்றியதாக வைத்தால், ஒவ்வொரு காயிலும் 12 கோடி முறை பொறி தந்திருக்கும். இன்று பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருப்பதால் என்ஜின் சூடு நேரடியாக அதில் ஏறுகிறது. செம்பும் இரும்பும் எப்பாக்ஸியும் ஒரே சூட்டுக்கு ஒரே அளவில் விரிவதில்லை. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் அவற்றின் ஓரங்களில் இழுபறி நடக்கிறது. அங்கே தோன்றும் நுண்ணிய விரிசல் சூட்டில் திறந்து, ஆறும்போது மூடிக்கொள்ளும். விரிசலில் ஒருமுறை பொறி பாய்ந்துவிட்டால் அது கரிக் கோடு ஒன்றை விட்டுச்செல்லும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த பொறிக்கு வழி இன்னும் எளிதாகும். துணைச் சுருளில் அடுத்தடுத்த சுற்றுகளின் பூச்சு கரைந்து அவை ஒட்டிக்கொண்டால் வேறுவிதமான கேடு. அந்தச் சில சுற்றுகள் மூடிய வளையமாகி, சரியும் காந்தப்புலத்தின் ஆற்றலைத் தாமே விழுங்கிவிடும்.

இனி மல்டிமீட்டரின் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்யலாம். முதன்மைச் சுருளின் மின்தடை பொதுவாக 0.4 முதல் 2 ஓம் வரை, துணைச் சுருளுடையது பெரும்பாலும் 5,000 முதல் 15,000 ஓம் வரை இருக்கும். 15,000 சுற்றுகளில் நூறு சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் மின்தடை ஒரு சதவீதம்கூடக் குறையாது. அதே செம்புக் கம்பி பத்து டிகிரி சூடேறினாலே மின்தடை நான்கு சதவீதம் கூடிவிடும். காலையில் அளப்பதற்கும் மதியம் அளப்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்குள் கோளாறின் சுவடு மூழ்கிப்போகும். பூட்டில் உள்ள விரிசல் மீட்டருக்குத் தெரியவே தெரியாது. சில வோல்ட் எந்த விரிசலையும் தாண்டாது. போதாக்குறைக்கு, பல புதிய காயில்களில் துணைச் சுருளோடு டயோடு இருக்கிறது. நல்ல காயிலிலும் மீட்டர் முடிவிலியைக் காட்டும். டிரான்சிஸ்டரை உள்ளேயே வைத்திருக்கும் மூன்று, நான்கு பின் காயில்களில் முதன்மைச் சுருளை வெளியிலிருந்து அளக்கவே முடியாது. ஆகவே மீட்டரின் சாட்சியம் ஒருபக்கச் சாய்வு கொண்டது. டயோடும் டிரான்சிஸ்டரும் இல்லாத காயிலில் கம்பி அறுந்திருப்பதாக அது சொன்னால் நம்பலாம். ‘சரியாக இருக்கிறது’ என்று சொன்னால், அறுந்துபோகவில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

பழைய வழக்கம் இன்னொன்று உண்டு. பிளக்கைக் கழற்றிக் காயிலில் மாட்டி, என்ஜின் உலோகத்தில் எர்த் வைத்து, செல்ஃப் அடித்துப் பார்ப்பது. நீலப் பொறி தெரிந்தால் காயில் தேறிவிட்டது என்பார்கள். கண்ணால் பார்ப்பதைவிடப் பெரிய சாட்சி உண்டா என்று கேட்கத் தோன்றும். ஆனால் திறந்த வெளியில் பிளக் கேட்பது நான்காயிரம் வோல்ட் அளவு. பாதி செத்த காயிலும் அதைத் தந்துவிடும். பொறி வராவிட்டால் அந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு, வந்தால் இல்லை. தவிர, எர்த் சரியாகத் தொடாமல் நழுவினால் ஆற்றல் வெளியேற வழியின்றி மின்னழுத்தம் உச்சத்துக்கு ஏறி, காயிலின் காப்பையோ டிரான்சிஸ்டரையோ துளைத்துவிடலாம். பிடித்திருக்கும் கைக்கும் ஆபத்து. நல்ல காயிலைக் கொல்லக்கூடிய சோதனை, கெட்ட காயிலைத் தேர்ச்சி பெற வைக்கும் சோதனையும்கூட. இடைவெளியை அகலமாக வைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் இதைவிட மேல், ஏனென்றால் அது கேள்வியின் கடுமையைக் கூட்டுகிறது. சூட்டையும் அதிர்வையும் மட்டும் அதனால் கொண்டுவர முடியாது.

ஸ்கேனர் காட்டும் கோடு எண்ணுக்கு வருவோம். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தும், இந்தியாவில் 2010-க்குப் பிறகு படிப்படியாகவும் கட்டாயமான, கார் தன் கோளாறைத் தானே கண்டறியும் ஓபிடி ஏற்பாட்டில், பி0302 என்பது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று பொருள்படும். கணினி இதைப் பொறியைப் பார்த்துச் சொல்வதில்லை. கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் பல்சக்கரத்தின் வேகத்தைப் பார்த்துச் சொல்கிறது. பல என்ஜின்களில் அறுபது பற்களுக்கு இடம் வைத்து இரண்டை விட்டுவிட்ட சக்கரம் அது. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் சக்கரம் சற்றே உந்தப்பட வேண்டும். இரண்டாவதின் முறையில் உந்தல் வராவிட்டால் கணக்கில் குறித்துக்கொள்கிறது. ஆக, எரியவில்லை என்பதை அது அறியும். ஏன் எரியவில்லை என்பதை அறியாது. பொறி, எரிபொருள் கலவை, கம்ப்ரஷன் மூன்றில் எது தவறினாலும் எண் ஒன்றுதான். பி0352 என்று வந்தால் இரண்டாவது காயிலின் மின்சுற்றையே சுட்டுகிறது. அங்கும் கனெக்டர், ஒயர், ஃபியூஸ், கணினியின் கட்டளை எல்லாம் ஒரே பட்டியலில்தான் நிற்கின்றன. பூட்டில் கசியும் காயில் பெரும்பாலும் இந்த எண்ணைத் தருவதும் இல்லை. முதன்மைச் சுற்று ஒழுங்காகவே இருப்பதாகக் கணினிக்குத் தெரியும். இதைவிட ஏமாற்றும் எண் ஒன்றும் வரலாம். எரியாத சிலிண்டரிலிருந்து செலவாகாத ஆக்சிஜன் வெளியேறும். புகைக்குழாயிலுள்ள சென்சார் அதைக் கண்டு கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொல்லும், கணினி பெட்ரோலைக் கூட்டும், பி0171 பதிவாகும். அதை மட்டும் நம்பியவர் இன்ஜெக்டரையும் பெட்ரோல் பம்ப்பையும் தேடிப் போவார். விளைவைக் காரணமாக வாசித்த கதை அது.

காயிலை அதன் சொந்தச் சூழலிலேயே விசாரிக்கும் வழி செலவில்லாதது, பல மெக்கானிக்குகள் வெகுகாலமாகச் செய்துவருவது. இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதினுடையதை இரண்டாவதிலும் மாற்றி மாட்ட வேண்டும். வேறு எதையும் தொடக்கூடாது. பதிந்த எண்களை அழித்துவிட்டு, திணறல் எந்தச் சூட்டில், எந்த மேட்டில் வந்ததோ அதே நிலையில் ஓட்ட வேண்டும். இப்போது பி0303 வந்தால் கோளாறு காயிலோடு இடம்பெயர்ந்திருக்கிறது; குற்றவாளி காயிலே. பி0302-ஏ மறுபடி வந்தால் காயில் நிரபராதி. பிளக், இன்ஜெக்டர், கனெக்டர், கம்ப்ரஷன் என்று தேடலைத் தொடர வேண்டும். ஆய்வகத்தில் விஞ்ஞானி செய்வதும் இதைத்தான்: ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, முன்கூட்டியே சொன்ன விளைவு வருகிறதா பார். மூன்றாவது சிலிண்டர் இங்கே ஒப்பீட்டுக்கான அளவுகோலாகவும் நிற்கிறது. அதே என்ஜின், அதே சூடு, அதே பெட்ரோல், அதே ஓட்டுநர். மேசைமேல் எந்தக் கருவியாலும் உண்டாக்க முடியாத சூழலை என்ஜினே இலவசமாக உண்டாக்கித் தருகிறது.

இதற்கு நியாயமான மறுப்புகள் உண்டு. விட்டுவிட்டு வரும் கோளாறு, சோதனை ஓட்டத்தில் தலைகாட்டாமல் போகலாம். அப்படியானால் முடிவு ‘காயில் நல்லது’ என்பதல்ல, ‘இன்னும் தெரியவில்லை’ என்பதுதான். கோளாறு வரும் சூழலைத் தேடிப் போய் ஓட்ட வேண்டும். மாற்றி மாட்டிய பிறகு எந்த எண்ணுமே வராமல் சரியாகிவிடுவதும் உண்டு. கனெக்டரைக் கழற்றி மாட்டியதிலேயே தளர்ந்திருந்த பின் இறுகியிருக்கலாம், பச்சை பூத்த முனை உராய்ந்து சுத்தமாகியிருக்கலாம். சோதனையே நோயைத் தொட்டுவிட்ட நிலை இது. அப்போது சந்தேகம் காயிலிலிருந்து கனெக்டருக்கு நகர வேண்டும். காயிலோடு பிளக்கையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது குற்றவாளி என்று பிரிக்க முடியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒன்று என்ற ஒழுங்கு இதற்காகத்தான். இரண்டு பிளக்குகளுக்கு ஒரே காயில் பொறி தரும் பழைய அமைப்புகளில் சோதனையின் வடிவம் மாறும். அங்கே ஒன்றும் நான்கும் ஜோடி, இரண்டும் மூன்றும் ஜோடி. ஜோடியின் இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து எரியாவிட்டால் காயிலையும், ஒன்று மட்டும் எரியாவிட்டால் அதன் ஒயரையோ பிளக்கையோ முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதெல்லாம் தோராயமான நாட்டு வைத்தியம், ஆசிலோஸ்கோப் இருக்கும்போது எதற்கு என்பது எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு. கருவி உள்ள இடத்தில் அது முழுக்க நியாயம். முதன்மை மின்னோட்டம் சாய்வாக ஏறுவதையும், துண்டித்த கணத்தில் மின்னழுத்தம் குத்தாக எழுவதையும், ஒன்று, இரண்டு மில்லி விநாடி பொறி எரிவதையும், கடைசியில் மிச்ச ஆற்றல் அலையாகத் தணிவதையும் அது திரையில் காட்டும். மின்னோட்டம் சாய்வாக ஏறாமல் தொடக்கத்திலேயே செங்குத்தாகத் தாவினால் சுற்றுகள் ஒட்டியிருக்கின்றன என்று பொருள். ஆனால் இந்தக் கருவி மல்டிமீட்டரை வெல்வது அதன் விலையால் அல்ல. ஓடும் என்ஜினில், உண்மையான சூட்டில், உண்மையான சுமையில் அது கேட்கிறது என்பதால்தான். இரண்டு காயில்களை இடம் மாற்றுவதும் ஆசிலோஸ்கோப்பும் ஒரே கட்சி. ஓம் மீட்டரும் வெளியில் பொறி பார்ப்பதும் எதிர்க்கட்சி.

காயில்தான் கெட்டது என்று நிரூபித்துவிட்டோம். வேலை முடிந்ததா? இங்கேதான் இரண்டாவது கேள்வி எழுகிறது: காயில் தானாகச் செத்ததா, கொல்லப்பட்டதா? ஒவ்வொரு பொறியும் பிளக் முனையிலிருந்து துளி உலோகத்தைத் தின்றுவிடுகிறது. 0.8 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 1.2 ஆனால், பாஷன் விதிப்படி ஒவ்வொரு பொறிக்கும் தேவையான மின்னழுத்தமும் கூடிக்கொண்டே போகும். காயிலின் காப்பு நாள் முழுக்க அந்தக் கூடுதல் பாரத்தைச் சுமக்கும். சிஎன்ஜியில் ஓடும் கார்களில் பொறி பாயவே பெட்ரோலைவிடக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும் என்பதால் அங்கே தேய்ந்த பிளக் இன்னும் விரைவாகக் காயிலைச் சாகடிக்கும். வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து பிளக் குழியில் ஆயில் தேங்கினால் ரப்பர் பூட் ஊறி உப்பிக் காப்பை இழக்கும். என்ஜினை நீர் பீச்சிக் கழுவும்போது குழிக்குள் தண்ணீர் இறங்கினாலும் கரிக் கோட்டுக்கு வழி பிறக்கும். பிளக்கின் வெண்பீங்கானில் நெடுக ஓடும் கறுப்புக் கோடு பொறி வெளியே பாய்ந்ததற்குச் சாட்சி. உலோக உடலை ஒட்டி வளையமாகப் படியும் பழுப்புக் கறை அப்படியல்ல. உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள துகள்களை ஈர்த்து ஒட்டவைத்தது, தீங்கற்றது. அதைக் கசிவு என்று எண்ணி நல்ல பிளக்கைத் தூக்கியெறிபவர்கள் உண்டு.

எல்லாக் காயில்களும் கொல்லப்பட்டவையே என்று சொல்லிவிடவும் முடியாது. 2003-இல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் கார்கள் பல லட்சங்களில் இக்னிஷன் காயில்களை மாற்றித்தர முன்வர வேண்டியிருந்தது. அங்கே பழுது பிளக்கிலோ ஓட்டுநரிடமோ இல்லை, காயிலிலேயே இருந்தது. இந்த எடுத்துக்காட்டு வாதத்தை முறிக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது. காரணத்தைத் தேட வேண்டும் என்பதுதான் விதி. காரணம் எப்போதும் வெளியில்தான் இருக்கும் என்பதல்ல. ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த காயில்கள் குறைந்த ஓட்டத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும்போது, பிளக்கும் குழியும் சுத்தமாக இருந்தால், குற்றத்தைக் காயிலின்மேலேயே சுமத்தலாம்.

‘இவ்வளவு யோசிப்பதற்குப் புதுக் காயிலை மாட்டிவிட்டுப் போகலாமே’ என்பது நடைமுறைவாதியின் மறுப்பு. புதுக் காயில் மாட்டியதும் வண்டி சரியானால் அதுவே நிரூபணம் என்றும் அவர் சொல்வார். ஆனால் புதுக் காயிலின் காப்பு முழு வலுவோடு இருப்பதால், அகன்றுபோன பிளக் இடைவெளியையும் அது சில காலம் தாண்டிக் காட்டும். நோய் அப்படியே இருக்க, அறிகுறி மட்டும் மறையும். சில மாதங்களில் அதே சிலிண்டரில் அடுத்த காயில் சாகும்போது ‘கம்பெனி ஸ்பேரே சரியில்லை’ என்று பேச்சு எழும். காயிலே குற்றவாளி இல்லாதபோது மாற்றினால் இழப்பு வேறு விதம். எரியாத பெட்ரோலும் ஆக்சிஜனும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அதன் தேன்கூட்டுப் பீங்கான் உருகும் அளவுக்கு வெப்பம் ஏறக்கூடும். செக் என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டத் தொடங்குவது இந்த ஆபத்தைச் சொல்லத்தான். கன்வர்ட்டரின் விலை காயிலின் விலையைப் போலப் பல மடங்கு. அரைமணி நேரச் சோதனையை மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது.

மாற்றும் வேலை சிறியது, ஆனால் ஒவ்வொரு படியும் மேலே பார்த்த காரணங்களில் ஒன்றுக்குப் பதில் சொல்வது. என்ஜின் ஆறிய பிறகு, சாவியை அணைத்துப் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்ற வேண்டும். சூட்டில் பிளக்கைத் திருகினால் அலுமினிய ஹெட்டின் மரை கிழியலாம். கனெக்டரின் பூட்டை அழுத்தி இழுக்க வேண்டும்; ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே பின் தளர்ந்து புதிய மிஸ்ஸிங்கைப் பிறப்பிக்கும். காயிலின் போல்ட்டை எடுத்துவிட்டு, இடமும் வலமுமாகச் சற்றுத் திருப்பி ரப்பரின் பிடியை விடுவித்து, நேராக மேலே தூக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் பூட் கிழிந்து துண்டு குழியிலேயே தங்கும். பிளக்கைக் கழற்றும் முன் குழியிலுள்ள தூசியைக் காற்றடித்து அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். ஆயில் இருந்தால் கேஸ்கெட்டைச் சரிசெய்யாமல் புதுக் காயிலை உள்ளே விடுவதில் பயனில்லை. பிளக்கின் இடைவெளியை அளந்து, தேய்ந்திருந்தால் நான்கையும் மாற்றி, கார் கையேடு சொல்லும் முறுக்குக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பூட்டின் வாயில் சிலிக்கோன் கிரீஸைக் கொஞ்சம் தடவினால் ஈரம் புகாது, அடுத்த முறை கழற்றவும் எளிது. காயிலை ‘டக்’ என்று பிளக்கில் உட்காரும் வரை அழுத்தி, போல்ட்டை அளவாக இறுக்கி, கனெக்டரைப் பூட்டும் ஓசை கேட்கும்படி மாட்ட வேண்டும்.

ஒன்று போனால் நான்கையும் மாற்றுவதா என்ற கேள்விக்கும் இதே நியாயம்தான் விடை. நான்கும் ஒரே வயது, ஒரே சூடு என்பது உண்மை. ஆனால் கரிக் கோடு நான்கிலும் ஒரே நாளில் பிறப்பதில்லை. பிளக் குழி ஒன்றில் மட்டும் ஆயில் கசிந்து ஒரு காயில் செத்திருந்தால், மற்ற மூன்றையும் தூக்கியெறிய எந்த ஆதாரமும் இல்லை. லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, இரண்டாவது காயிலும் போய்விட்டால் நிலைமை வேறு. அல்லது வி வடிவ என்ஜின்கள் சிலவற்றைப் போல இன்டேக் மேனிஃபோல்டையே இறக்காமல் கைக்கு எட்டாது என்றால், உழைப்புக் கூலியைக் கருதி எல்லாவற்றையும் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. அது பொருளாதார முடிவு. அதைக் கோளாறு கண்டுபிடித்த முடிவாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. எது எப்படியானாலும் எண்களை அழித்து, ஆரம்பத்தில் திணறிய அதே மேட்டில், அதே சூட்டில் ஓட்டிப் பார்க்காமல் வண்டியை ஒப்படைப்பது, கேள்வியைப் பாதியில் விடுவதாகும். ஒர்க்ஷாப் வாசலில் ஐடிலிங்கில் நின்று கொடுக்கும் சான்றிதழ் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மட்டுமே செல்லும்.

பொறியாளர்களும் இதே முடிவுக்குத் தம் வழியில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1990-களில் தன் கார்களில் ஒவ்வொரு பொறி முடிந்ததும் அதே பிளக்கின் முனைகளுக்கிடையே சிறு மின்னழுத்தத்தைக் கொடுத்து, எரிந்த வாயுவிலுள்ள அயனிகள் கடத்தும் மின்னோட்டத்தை அளந்தது. எரிந்திருந்தால் மின்னோட்டம் ஓடும், எரியாவிட்டால் ஓடாது. சோதனைக் கருவியை எரியறைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்த ஏற்பாடு அது: ஒவ்வொரு சிலிண்டரிலும், ஒவ்வொரு சுழற்சியிலும், உண்மையான அழுத்தத்தில் ஒரு கேள்வி. அவ்வளவு நெருங்கிக் கேட்டும், எரியவில்லை என்பதைத்தான் அதனாலும் சொல்ல முடிந்தது. காயிலா, பிளக்கா, ஆயில் கசிந்த குழியா என்று பிரித்தறிவது ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைக்கும் ஆளின் பொறுப்பாகவே இருக்கிறது. ஆகவே பழுது பார்த்த பில்லில் ‘இக்னிஷன் காயில் – 1’ என்ற வரியைப் பார்த்ததும் வண்டிக்காரர் இரண்டு விஷயங்களைக் கேட்கலாம்: கோளாறு காயிலோடு இடம்பெயர்ந்ததா, காயில் எதனால் கெட்டது? இரண்டுக்கும் பதில் இருந்தால் அந்த வண்டியில் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் ஒரு ஸ்பேர் விற்கப்பட்டிருக்கிறது.